குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையும் சுற்றத்தாரின் துணையும்

திருமணமாகி ஓராண்டு கடந்துவிட்ட தம்பதியரை நோக்கி நம் ஊர்களில் தவறாமல் எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. "ஏதாவது விசேஷம் உண்டா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் அன்பினாலேயே கேட்கிறார். அத்தை கேட்கிறார், பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்கிறார், ஆலய வாசலில் கைகுலுக்கும்போது சபை மூப்பரும் கேட்கிறார். ஆயினும் இரண்டாம் ஆண்டிலும் நான்காம் ஆண்டிலும் இதே கேள்விக்கு விடை கூறவேண்டிய தம்பதியர்க்கு அஃது ஒரு விசாரணையாகவே தோன்றுகிறது. அன்பினால் எழும் சொல் எவ்வாறு அழுத்தமாக மாறுகிறது என்பதையும், சிகிச்சை பெறும் தம்பதியர்க்கு உண்மையில் துணையாவது எது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நகரங்களில் மட்டுமே உள்ள சிக்கல் இது என நினைத்தல் தவறு. 2019 நவம்பரில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சின்னசேலம் வட்டத்திலுள்ள நைனார்பாளையம் போன்ற ஓர் ஊரை மனத்தில் கொள்வோம். மேற்கே கல்வராயன் மலையும் கீழே மக்காச்சோளம், மரவள்ளி, கரும்பு, பருத்தி விளையும் நிலங்களும் உள்ள மாவட்டம் இது. இத்தகைய ஊரில் எவரும் தனித்து வாழ்வதில்லை. உறவினரும் ஊராரும் எப்பொழுதும் சூழ்ந்திருக்கின்றனர். எனவே ஆதரவுக்குக் குறைவில்லை என்று நாம் கருதிவிடுகிறோம். ஆனால் சூழ்ந்திருப்போரின் எண்ணிக்கை வேறு. துணை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணராமையினாலேயே நமது அக்கறை பல நேரங்களில் தம்பதியர்க்குக் கூடுதல் சுமையாகிவிடுகிறது.

1. குழந்தைப்பேறின்மை என்பது யாது?

கருத்தடை முறை எதையும் பின்பற்றாமல் 12 மாதங்களோ அதற்கு மேலோ முறையாக இல்வாழ்க்கை நடத்தியும் கருவுறாத நிலையை உலகச் சுகாதார நிறுவனம் குழந்தைப்பேறின்மை என வரையறுக்கிறது. அந்நிறுவனம் 2023 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் வயது வந்தோருள் ஏறத்தாழ 17.5 விழுக்காட்டினர், அதாவது ஆறு பேருக்கு ஒருவர், தம் வாழ்நாளில் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நிலைக்கு உள்ளாகின்றனர். செல்வ நாடுகளுக்கும் ஏழை நாடுகளுக்கும் இதில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இஃது எங்கோ ஒரு குடும்பத்தில் நேரும் அரிய நிகழ்ச்சி அன்று. நூறு குடும்பங்கள் உள்ள எந்தச் சபையிலும் இதனை அறிந்தவர்கள், வாய் திறவாமலேனும், இருந்தே தீருவர்.

இந்நிலைக்குப் பெண்ணே காரணம் என்னும் எண்ணம் நம்மிடம் ஆழ வேரூன்றியுள்ளது. 'மலடி' என்னும் சொல் வசையாக வழங்கும் அளவுக்கு 'மலடன்' என்னும் சொல் வழங்குவதில்லை. ஆனால் மருத்துவம் கூறுவது வேறு. ஏறக்குறையப் பாதித் தம்பதியரிடத்தில் ஆணின் விந்தணுக்களைச் சார்ந்த குறைபாடு தனித்தோ, பெண்ணின் குறைபாட்டோடு சேர்ந்தோ காணப்படுகிறது. சிலரிடத்தில் எல்லாச் சோதனைகளுக்குப் பின்னும் காரணம் புலப்படுவதே இல்லை. கணவனைச் சோதிக்காமலேயே மனைவியை ஆண்டுக்கணக்கில் மருத்துவரிடமும் வேண்டுதல் தலங்களுக்கும் அழைத்துச் செல்வது மருத்துவ முறைப்படியும் தவறு, நீதியின்படியும் தவறு.

2. சிகிச்சையின் படிகள்

1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தில் லூயிஸ் பிரௌன் என்னும் பெண் குழந்தை பிறந்ததே, உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் மருத்துவத்தின் முதல் வெற்றி. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று கொல்கத்தாவில் மருத்துவர் சுபாஷ் முகோபாத்தியாயின் முயற்சியால் இத்தகைய ஒரு குழந்தை பிறந்தது. அவருடைய கூற்றை அன்று எவரும் நம்பவில்லை. ஏளனத்துக்கும் இடமாற்றத்துக்கும் உள்ளான அவர் 1981இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரது பணி பல ஆண்டுகளுக்குப் பின்னரே ஏற்கப்பட்டது. 1986இல் மும்பையிலும், 1990இல் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியால் சென்னையிலும் இம்முறை வெற்றி கண்டது.

எல்லாரும் இந்த இறுதிப்படி வரை செல்ல வேண்டியதில்லை. முதலில் இருவருக்கும் சோதனைகள். பின்னர்ச் சினைமுட்டை முதிர்வதற்கான மாத்திரைகள். அதன் பின் கணவனின் விந்தணுக்களைத் தூய்மை செய்து உரிய நாளில் கருப்பையினுள் செலுத்தும் ஐ.யு.ஐ. முறை, இவை பயன்தராவிடில் ஐ.வி.எஃப். என்னும் சோதனைக் குழாய் முறை. இக்கடைசி முறையில் ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாள்கள் ஹார்மோன் ஊசி போடுகின்றனர். இடையிடையே ஸ்கேன் செய்து, முதிர்ந்த முட்டைகளை மயக்க மருந்து கொடுத்து வெளியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கருவாக்கி, சில நாள்களில் கருப்பையில் வைக்கின்றனர். கருத் தங்கியதா என்பதை அறிய ஏறத்தாழ இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஒரு முறை முயன்றவுடன் குழந்தை பெறுவோரினும் பெறாதோரே மிகுதி. பெண்ணின் வயது ஏற ஏற வெற்றி வாய்ப்புக் குறைகிறது.

இதனைச் சிற்றூர் வாழ்க்கையோடு பொருத்திப் பார்ப்போம். மாத்திரை அளவில் முடியும் சிகிச்சை அருகிலுள்ள நகரங்களில் கிடைக்கலாம். ஐ.வி.எஃப். என்றால் சேலத்துக்கோ, புதுச்சேரிக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டியிருக்கும். ஸ்கேன் எடுக்கும் நாளை உடலே முடிவு செய்கிறது. அறுவடைக் காலம் என்றோ, தேர்வுக் காலம் என்றோ அது காத்திருப்பதில்லை. விடியற்காலையில் பேருந்து ஏறி மாலையில் திரும்பும் மருமகள் எங்கே சென்று வந்தாள் என்பதை ஊர் கேட்கிறது. நாள் கூலி இழப்பும் வழிச்செலவும் வேறு. தனியார் மருத்துவமனையில் ஒரு முறைக்கே இலட்சக்கணக்கில் செலவாவதால் நகையும் நிலமும் அடகுக்குப் போகின்றன. சென்னை எழும்பூரிலுள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் அரசே கருத்தரிப்பு மையம் அமைத்திருப்பது வரவேற்கத்தக்கது. எனினும் தொலைவில் உள்ள ஊரார்க்குப் பயணச் சுமை நீங்கவில்லை.

3. அழுத்தம் எங்கிருந்து எழுகிறது?

உளவியலறிஞர்களாகிய லாசரஸ், ஃபோக்மன் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட நூலில், நம்மிடம் கேட்கப்படுவது நம் கையிலுள்ள வலிமையை மிஞ்சிவிட்டது என நாம் மதிப்பிடும்போதே உளஅழுத்தம் பிறக்கிறது என்று விளக்கினர். குழந்தைப்பேறின்மைச் சிகிச்சையில் இந்த மதிப்பீடு மாதந்தோறும் நடைபெறுகிறது. மற்ற இழப்புகளில் துயரத்துக்கு ஒரு நாள் உண்டு, சடங்கு உண்டு, ஆறுதல் கூற வருவோர் உண்டு. இங்கோ மாதவிலக்கு வரும் ஒவ்வொரு மாதமும் ஓர் இழப்பு. ஆனால் இறந்தவர் எவரும் இல்லை. துக்கம் கேட்க வருபவரும் இல்லை. நம்பிக்கையும் ஏமாற்றமும் மாறிமாறி வருவதால் துயரம் ஆறுவதற்கு இடமே இல்லாமற் போகிறது.

அமெரிக்க உளவியலறிஞர் ஆலிஸ் டோமாரும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, குழந்தைப்பேறற்ற பெண்களின் கவலையும் மனச்சோர்வும் புற்றுநோய்க்கும் இதயநோய்க்கும் சிகிச்சை பெறுவோரின் அளவை ஒத்திருந்தன எனக் காட்டிற்று. நோயுற்றவரைக் காணச் செல்லும்போது நாம் எவ்வளவு கவனத்தோடு பேசுகிறோம்! அதே கவனத்துக்குரியவரிடம் விளையாட்டாகப் பேசிவிடுகிறோம்.

நம் நாட்டில் இதனோடு சமூகப் பழியும் சேர்கிறது. காதரின் ரீஸ்மன் என்னும் சமூகவியலறிஞர் கேரளத்தில் பிள்ளையில்லாப் பெண்களைச் சந்தித்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அப்பெண்கள் பழிச்சொல்லை வாய்மூடி ஏற்றுக்கொண்டவர்கள் அல்லர். அன்றாட வாழ்வில் பலவகையாக அதனை எதிர்த்து நின்றவர்கள். எனினும் வசதியும் கல்வியும் உடையோர்க்குக் கிடைத்த தப்பும் வழிகள் ஏழைக் கிராமப் பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதையும் அவர் கண்டார். வளைகாப்பு வீட்டில் ஒதுங்கி நிற்கவேண்டிய பெண் அந்த ஊரைவிட்டு எங்கே செல்ல இயலும்?

4. துணையின் நான்கு வகைகள்

சமூக ஆதரவு என்பது பொதுவான நல்லெண்ணம் மட்டுமன்று. தான் நேசிக்கப்படுகிறேன், மதிக்கப்படுகிறேன், ஒரு கூட்டத்தாரோடு பிணைக்கப்பட்டிருக்கிறேன் என்னும் உறுதியை ஒருவர்க்குத் தருவதே ஆதரவு என்று சிட்னி காப் என்னும் அமெரிக்க மருத்துவர் 1976இல் விளக்கினார். 1981இல் ஜேம்ஸ் ஹவுஸ் என்னும் சமூகவியலறிஞர் அதனை நான்காகப் பகுத்தார். நம் ஆய்வுக்கு இப்பகுப்பு மிகவும் பயன்படுகிறது.

முதலாவது, உணர்வு வழித் துணை. செவிகொடுத்தல், உடனிருத்தல், அழும்போது பேச்சை மாற்றாதிருத்தல் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது, செயல் வழித் துணை. மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் மாட்டைப் பார்த்துக்கொள்ளுதல், சமையல் செய்து வைத்தல், வட்டியில்லாமல் பணம் தருதல், துணையாகப் பயணம் செய்தல் ஆகியன இவ்வகை. மூன்றாவது, செய்தி வழித் துணை. எந்த மையம் சட்டப்படி பதிவு பெற்றது, என்ன செலவாகும், எப்போது நிறுத்தலாம் என்பவற்றை அறிய உதவுதல் இது. நான்காவது, மதிப்பீட்டு வழித் துணை. "நீங்கள் குறைவுபட்டவர்கள் அல்லர், உங்கள் இல்லறம் முழுமையான இல்லறமே" என்பதைச் சொல்லாலும் நடத்தையாலும் உணர்த்துதல்.

ஊரிலும் சபையிலும் மிகுதியாக வழங்கப்படுவது மூன்றாம் வகையே. அதுவும் பெரும்பாலும் கேட்கப்படாத அறிவுரையாக வழங்கப்படுகிறது. இந்த வேர், அந்த வைத்தியர், இன்ன தலத்தில் வேண்டுதல் எனப் பட்டியல் நீள்கிறது. மிகக் குறைவாகக் கிடைப்பவை இரண்டாவதும் நான்காவதும். 1985இல் கோஹன், வில்ஸ் ஆகியோர் அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஒருவருடைய தேவைக்குப் பொருந்தும் ஆதரவே நெருக்கடியின் தாக்கத்தைத் தணிக்கிறது என்ற முடிவுக்கு வந்தனர். வழிச்செலவுக்குப் பணமில்லாதவர்க்கு அறிவுரையும், அழ இடம் தேடுபவர்க்கு வைத்தியர் முகவரியும் துணையாகா.

5. துணை சுமையாகும் விதம்

பிழையான துணை எவ்வாறு இருக்கும் என்பதற்கு அன்னாளின் வரலாற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அங்கே மூவர் தோன்றுகின்றனர். பெனின்னாள் வெளிப்படையாகப் புண்படுத்துகிறாள். எல்க்கானா மனைவியை உண்மையாகவே நேசிக்கிறான். ஆனால் தன் அன்பு பிள்ளைகளினும் மேலானதன்றோ என்னும் பொருள்படப் பேசி, அவள் துயரத்துக்கே இடமில்லாமற் செய்துவிடுகிறான். ஆசாரியனாகிய ஏலி, அவள் மனங்கசந்து வேண்டுவதைக் கண்டு, குடிவெறி என்று தீர்ப்பளிக்கிறான். பகைமை, அவசர ஆறுதல், கேளாமல் தீர்ப்பிடுதல் ஆகிய மூன்றுமே அவளைத் தனிமைப்படுத்துகின்றன. ஏலி தன் தவற்றை உணர்ந்து அவளுக்குச் செவிகொடுத்த பின்னரே நிலைமை மாறுகிறது. அவள் முகவாட்டம் நீங்கியது பிள்ளை பிறந்த பின்னர் அன்று. தன் துயரம் கேட்கப்பட்ட அன்றே என்பது குறிப்பிடத்தக்கது.

நம் சபைகளிலும் இம்மூன்றும் உள்ளன. பிள்ளை பெற்றோர் சாட்சி கூறும் கூட்டங்கள் நடக்கின்றன. பெறாதோர் அங்கே மௌனமாக அமர்ந்திருக்கின்றனர். அன்னையர் நாளில் தாய்மாருக்கு மட்டும் மலர் வழங்கப்படுகிறது. தம்பதியர் போதகரிடம் தனியே கூறியது அடுத்த வாரப் பொது மன்றாட்டில் பெயரோடு ஒலிக்கிறது. விசுவாசம் போதாமையினால்தான் குழந்தை இல்லை என்று குறிப்பாகவேனும் கூறப்படும்போது, உடற்குறைபாட்டின் மேல் ஆன்மீகக் குற்றமும் ஏற்றப்படுகிறது.

6. கணவனும் மனைவியும்

மிக நெருங்கிய துணை வாழ்க்கைத் துணையே. ஆனால் இருவரும் துயரத்தை ஒரே வகையில் தாங்குவதில்லை. மனைவி பேச விரும்புவாள். கணவன் வேலையில் மூழ்கி மௌனமாவான். அவளுக்கு அம்மௌனம் அலட்சியமாகத் தோன்றுகிறது. அவனுக்கு அவள் கண்ணீர் குற்றச்சாட்டாகத் தோன்றுகிறது. குறைபாடு கணவனிடம் இருக்கும்போது, அவன் மானத்தைக் காக்க மனைவியே பழியை ஏற்றுக்கொள்வதும் நம் குடும்பங்களில் நிகழ்கிறது. ஆணுக்கும் ஆதரவு வேண்டும் என்பதை நாம் எண்ணுவதே இல்லை. ஆண்கள் தம்முள் இதைப்பற்றிப் பேசுவதற்கு இடம் ஏதும் இல்லை.

பீட்டர்சன், நியூட்டன், ரோசன் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இச்சிக்கலின் அழுத்தத்தை ஏறக்குறைய ஒரே அளவில் உணர்ந்த தம்பதியரிடம் இல்லற இசைவு மேம்பட்டிருக்கக் கண்டனர். டென்மார்க்கில் லோன் ஷ்மித் என்பவர் நடத்திய ஆய்வுகளோ, சிகிச்சைக் காலம் சில தம்பதியரை முன்னிலும் நெருக்கமாக்கிற்று என்று காட்டின. ஆகவே இச்சோதனை இல்லறத்தைச் சிதைத்தே தீரும் என்பதில்லை. இருவரும் சேர்ந்தே மருத்துவரிடம் செல்லுதல், முடிவுகளைச் சேர்ந்தே கேட்டல், எத்தனை முறை முயல்வது, எவ்வளவு செலவிடுவது என்பதை முன்னதாகவே பேசி முடிவு செய்தல் ஆகியன பெரிதும் உதவும். மறுமணம் செய்துவைக்கலாம் என்னும் பேச்சைக் குடும்பத்தார் எடுக்கும்போது, கணவன் அதனை அப்பொழுதே மறுத்துரைப்பது மனைவிக்குக் கிடைக்கும் பெருந்துணை.

7. மனக்கலக்கமே தோல்விக்குக் காரணமா?

"கவலைப்படாமல் இரு, தானாகத் தங்கும்" என்பது நாம் வழக்கமாகக் கூறும் ஆறுதல். இதன் உட்பொருளை ஆராய்தல் வேண்டும். கவலைப்பட்டதனால்தான் தங்கவில்லை என்பதே அதன் மறுபக்கம். சிகிச்சை தோற்றுவிட்டால், தன் கண்ணீரே கருவைக் கெடுத்தது என்று அப்பெண் நம்பத் தொடங்குகிறாள்.

ஜாக்கி பாய்வினும் அவருடன் ஆய்வு செய்தோரும் 2011இல் 14 ஆய்வுகளைத் தொகுத்து, 3583 பெண்களைப் பற்றிய செய்திகளை ஆராய்ந்தனர். சிகிச்சைக்கு முன்னிருந்த கவலையோ மனச்சோர்வோ அந்த ஒரு சுற்றுச் சிகிச்சையில் கருத்தரித்தலைப் பாதித்ததாகத் தெரியவில்லை என்பதே அவர்களின் முடிவு. இச்செய்தியை ஒவ்வொரு தம்பதியர்க்கும் எடுத்துக்கூறுவது நம் கடமை. அழுததனால் தோற்கவில்லை, அஞ்சியதனால் தோற்கவில்லை.

அப்படியாயின் அழுத்தத்தைத் தணிப்பதால் பயன் யாது? பயன் உண்டு. உளச்சுமை தாங்காமல் சிகிச்சையை இடையிலேயே விட்டுவிடுவோர் பலர். அன்றியும் துயருறும் மனிதரின் துயரைத் தணிப்பதற்கு வேறொரு பயனைக் காட்டவேண்டியதில்லை. குழந்தை பிறப்பதற்கான கருவியாக மட்டும் ஆதரவை நாம் வழங்குவோமாயின், குழந்தை பிறவாதபோது அதனை நிறுத்திவிடுவோம்.

8. நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, கேள்வியை நிறுத்துவோம். தம்பதியர் தாமே பேச முற்பட்டால் செவிகொடுப்போம். கேட்டதை வேறெவரிடமும், மன்றாட்டு வேளையிலும் கூட, அவர்தம் ஒப்புதலின்றிக் கூறாதிருப்போம்.

இரண்டாவதாக, சரியான செய்தியைத் தருவோம். 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒவ்வொரு சிகிச்சை மையமும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு ஆகியவற்றை விளக்கி, தகுந்த ஆலோசனையும் வழங்குதல் வேண்டும். இது மருத்துவமனையின் தயவு அன்று, தம்பதியரின் உரிமை. எழுதப் படிக்க அறியாதவர்க்கு இதனை எடுத்துரைக்கவும், உடன்சென்று கேட்கவும் சபையில் ஒருவர் முன்வரலாம்.

மூன்றாவதாக, செயலால் உதவுவோம். பெண்கள் ஐக்கியம் பயணத்துணையையும் வீட்டுப் பொறுப்பையும் பகிர்ந்துகொள்ளலாம். கடன் வாங்க நேர்வோர்க்குக் கந்துவட்டியிலிருந்து தப்பும் வழியைச் சபையின் பெரியோர் காட்டலாம்.

நான்காவதாக, தத்தெடுத்தலைப் பற்றிய அறிவைப் பரப்புவோம். முன்னாளில் 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கிறித்தவர்கள் பாதுகாவலராக மட்டுமே இருக்க முடிந்தது. இளைஞர் நீதிச் சட்டம் வந்தபின் எச்சமயத்தாரும் முழு உரிமையுடன் தத்தெடுக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டுள்ளது. ஆயினும் சிகிச்சை தோற்ற மறுநாளே இதனை மருந்துபோல் நீட்டுதல் தகாது. தத்தெடுக்கும் குழந்தை வேறொரு குழந்தைக்கு ஈடாக வருவதில்லை. தனக்கென உரிமையோடு வருகிறது.

ஐந்தாவதாக, நிறுத்துவதற்கும் இடமளிப்போம். இனி முயல்வதில்லை என்று தம்பதியர் முடிவு செய்வது தோல்வியன்று. ஆராய்ந்து எடுத்த முடிவு. அம்முடிவுக்குப் பின்னரே பலர் நம் பார்வையிலிருந்து மறைகின்றனர். துணை மிகவும் தேவைப்படுவது அப்பொழுதே.

9. முடிவுரை

அழுத்தத்துக்கு மருந்தாகவும் அழுத்தத்துக்கு ஊற்றாகவும் இருக்கக்கூடியவர்கள் சுற்றத்தார் ஆகிய நாமே. சிற்றூரின் நெருக்கமான வாழ்வு ஒரு செல்வம். அங்கே மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், மருத்துவமனை வாசலில் உடன் காத்திருக்கவும் ஆள் கிடைப்பர். அந்நெருக்கம் விசாரணையாக மாறாமல் துணையாக நிலைபெற வேண்டுமாயின், குழந்தை பிறந்தாலும் பிறவாவிட்டாலும் இத்தம்பதியர் நம்முடையோரே, குறையற்ற குடும்பத்தாரே என்பதில் நாம் முதலில் தெளிவு பெறவேண்டும். அத்தெளிவு நம்மிடம் இருக்குமாயின் நம் சொற்கள் குறையும். நாம் செய்யும் உதவி பெருகும்.